மரக்காட்டில் அணைந்த விளக்கு

1983இல் நவமணிக்கு இருபத்து நான்கு வயது. புந்தோங்கில் வீடு, மலேசியாவின் ஈப்போ நகரில் வானொலிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. கோளாறு வந்தால் பதறாமல் எப்படி ஆராய்வது என்று அங்கே குழுவாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். என்ன நடக்கிறது, நமக்கு உறுதியாகத் தெரிந்தது எது, ஏன் நடக்கிறது, எதைச் செய்து பார்க்கலாம் என்று வரிசை மாறாமல் கேட்க வேண்டும். வீட்டுச் சிக்கல்களுக்கும் இது உதவுமே என்று அவளுக்குத் தோன்றியது. லகாட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், கோயில் மண்டபத்தில், ஞாயிறுதோறும் இளம்பெண்களுக்கு வகுப்பு எடுக்கத் தொடங்கினாள்.

குழாயில் தண்ணீர் வராதது, தம்பி பள்ளிக்கூடம் போக அடம்பிடிப்பது என்று முதலில் சின்னச் சின்ன விஷயங்கள்தான். பெண்கள் சிரித்துக்கொண்டே விடை தேடினார்கள். ஒரு ஞாயிறு கோமளா எழுந்தாள். பதினேழு வயது, அவளும் தொழிற்சாலை பஸ்ஸில் வேலைக்குப் போகிறவள்.

"அக்கா, காலையில பஸ்ஸுக்குப் போற வழியில ஒரு வெளிச்சம் தெரியுது. நாங்க கிட்ட போனா அணைஞ்சிடுது."

சிரிப்பு நின்றது. அந்த பஸ்ஸைப் பிடிக்க, விடியும் முன்பே மரக்காட்டு வழியாகப் பெரிய சாலைவரை நடக்க வேண்டும்.

"முனி நடமாட்டம்லா அது," என்றாள் ஒருத்தி.

"கண்ணால பார்த்தத மட்டும் சொல்லுங்க," என்றாள் நவமணி.

தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். ஆள் உயரத்தில் மஞ்சள் வெளிச்சம். ரப்பர் பாலுக்காக மரம் சீவுகிறவர்கள் நெற்றியில் கட்டும் விளக்கு மாதிரி. மழை பெய்தால் வருவதில்லை. கோமளா தனியாகப் போன அன்று மட்டும் வழிக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தது.

"அந்தப் பக்கம் மரம் சீவுறாங்களா?"

"இல்லக்கா. கிழட்டு மரம், சாய்க்கப் போறாங்க. யாரும் அங்க போறதில்ல."

நவமணி கற்றுக்கொடுத்த கேள்விகள் முனியை விரட்டிவிட்டு, அந்த இடத்தில் ஒரு மனிதனைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தன. முனிக்காவது விபூதி பூசிக்கொள்ளலாம்.

"வீட்டுல சொல்லிடலாமா?" என்று கேட்டாள்.

"வேலைக்கே அனுப்ப மாட்டாங்க!" கோமளா அழுதுவிட்டாள்.

வேலை வாங்கும் தண்டலிடம் சொல்லலாமா என்று கேட்டதற்கு, அவர் தங்களைத்தான் குறை சொல்வார் என்றார்கள். கடைசியில், அதே நேரத்தில், வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்துக்குப் போகும் பால்வெட்டுக்காரி செல்லாயியைத் துணைக்குக் கூப்பிடுவது என்று முடிவானது.

"எனக்கும் பயந்தான். ஆனா வாரேன்," என்றாள் செல்லாயி.

நவமணி லீவு போட்டுவிட்டு கோமளா வீட்டில் தங்கினாள். மறுநாள் விடியற்காலையில் பெண்கள் கூட்டமாக நடந்தார்கள். கிட்டப் போகும்வரை தெரியக் கூடாதென்று, செல்லாயியோடு வந்த பால்வெட்டுப் பெண்கள் நெற்றி விளக்கை ஏற்றவில்லை. சருகு மிதிபடும் சத்தம் தவிர வேறில்லை. தூரத்தில் வெளிச்சம் தெரிந்தது. அணைந்தது. நவமணிக்குத் திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது. கோமளா அவள் கையை நெரித்துப் பிடித்திருந்தாள்.

"ஏத்துங்கடி!" என்றாள் செல்லாயி.

விளக்குகள் ஒன்றாக எரிந்தன. மரத்தை ஒட்டி ராமையா நின்றான், தண்டலின் மச்சான். நெற்றியில் அணைத்த விளக்கு, கையில் கயிறு. அவன் ஓடவில்லை. ஒவ்வொரு முகமாக நிதானமாகப் பார்த்தான்.

"பன்னிக்குக் கண்ணி வைக்க வந்தேன். என்ன இப்ப?"

அது பொய் என்று யாராலும் நிரூபிக்க முடியவில்லை. ஆனால் அன்று செல்லாயி பிரட்டுக்களத்தில் எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொன்னாள். தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பெண்கள் திரண்டு தோட்ட ஆபீசுக்குப் போய், பஸ்ஸை உள்ளே விடச் சொன்னார்கள். அடுத்த வாரத்திலிருந்து பஸ் லயத்து வாசல்வரை வந்தது. ராமையா வேறு தோட்டத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். எந்தத் தோட்டம் என்று யாருக்கும் தெரியவில்லை.

தண்டல், கோயில் மண்டபத்தைப் பூட்டிவிட்டார். வகுப்பு புந்தோங்கில் நவமணி வீட்டு முன்னறைக்கு மாறியது. எல்லோரும் வரவில்லை. கோமளா வந்தாள், இன்னும் சிலர் வந்தார்கள். தெருவில் மோட்டார் சைக்கிள் மெதுவாகப் போனால், ராமையாவாக இருக்குமோ என்று பேச்சு நின்றுவிடும். சத்தம் தேய்ந்த பிறகு நவமணி எழுந்துபோய்க் கதவின் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பாள். வந்து உட்கார்ந்து, அடுத்த பெண்ணைப் பேசச் சொல்வாள்.