மணி அடித்ததும் கண்மாய்க்குள் ஓடினோம்

நான் பஞ்சாயத்து வார்டு உறுப்பினராக இருந்த காலத்தில், எங்கள் ஊரில் மழை வேண்டும் என்பவர்கள் பாதி, வேண்டாம் என்பவர்கள் பாதி. வெம்பக்கோட்டைப் பக்கம் மானாவாரிக் காடு வைத்திருந்தவர்கள் வானத்தைப் பார்த்துக் கும்பிடுவார்கள். பட்டாசுக் கம்பெனிக்குப் போகிற நாங்கள் அதே வானத்தைப் பார்த்துத் திட்டுவோம். மேகம் மூடினால் மருந்து காயாது, மருந்து காயாவிட்டால் வேலை இல்லை. மழை என்றால் எங்களுக்கு வேலையில்லாத நாள், அவ்வளவுதான். தண்ணீரில் ஆள் போய்விடும் என்ற பயமெல்லாம் எங்களுக்குக் கிடையாது. எங்கள் பயமெல்லாம் தீதான்.

கடலையே பார்க்காத ஊர் அது. ஆனாலும் சுனாமி வந்து போன பிறகு, ஒவ்வொரு பஞ்சாயத்தும் வெள்ள அபாயத்துக்கு ஒரு திட்டம் எழுத வேண்டும், அதுவும் மக்களைக் கேட்டு எழுத வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. எங்கள் தலைவர் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் சுற்றினார். வெற்றிலை எடுக்கும்போதெல்லாம் அது எட்டிப் பார்க்கும். நான் விடவில்லை. பார்க்கிற இடத்திலெல்லாம் நச்சரித்தேன். எனக்கு அதற்குக் காரணம் இருந்தது.

முந்தின ஐப்பசியில் ஓடை உடைத்துக்கொண்டு கீழத்தெருவுக்குள் வந்தது. முழங்கால் அளவுதான். ஆளாளுக்குச் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு மேட்டுத்தெருவுக்குப் போய்விட்டோம். தண்ணீர் வடிந்த பிறகு சாயங்காலம்தான் எனக்கு அக்காவின் நினைவே வந்தது. கூடப் பிறந்த அக்கா இல்லை. என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, ஓடைக்கரையில் கடைசி வீடு. நானும் அவரும் ஒரே ஷெட்டில் வேலை பார்த்தவர்கள். அந்த ஷெட் ஒருநாள் தீப்பிடித்ததில் அவர் கால் இரண்டும் வெந்துபோயிற்று. அதற்குப் பிறகு வீட்டோடு உட்கார்ந்து பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தார். பத்தடி நடப்பதற்கே சுவரைப் பிடிக்க வேண்டும்.

நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது கட்டிலின் மேல் நாற்காலி, நாற்காலியின் மேல் அவர். கீழே உருட்டி வைத்த குழாயெல்லாம் ஊறிக் கூழாகிக் கிடந்தது.

"வா, மெம்பரு. இன்னும் ஒரு முழம் ஏறியிருந்தா விட்டத்துல தொங்கியிருப்பேன்" என்றார்.

அவர் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அடுத்த ஐப்பசிக்குள் இந்த மனுஷியை மேட்டில் ஏற்றுவதற்கு ஒரு வழி பண்ணாவிட்டால் நான் என்ன மெம்பர் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

கூட்டம் மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்டுத்தெரு சமுதாயக்கூடத்தின் முன்னால் நடந்தது. யூனியன் ஆபீஸிலிருந்து ஓர் இளம் வயது என்ஜினியர் மேடம் வந்திருந்தார். கோலப்பொடியில் ஊரைத் தரையில் வரையுங்கள், வெள்ளம் எங்கே வரும், ஆட்கள் எங்கே போவார்கள் என்று நீங்களே காட்டுங்கள் என்றார். எங்கள் பெண்களுக்கு அது போதாதா? ஓடையை வரைந்தார்கள் பாருங்கள், வளைவெல்லாம் இரண்டு பக்கமும் ஒரே அளவு. நடுவில் பூசணிப்பூ வைக்காததுதான் பாக்கி. காடு வைத்திருந்த சம்சாரிகள் கண்மாயை வரைந்ததில் கண்மாய் ஊரைவிடப் பெரிதாகிவிட்டது. ஒருவர் வெள்ளத்தை விட்டுவிட்டு, சாத்தூர் போகிற பஸ் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று குச்சியால் கீறிக் காட்டினார். மேடம் எல்லாவற்றையும் பொறுமையாக எழுதிக்கொண்டார். நானாக இருந்தால் அந்தக் குச்சியைப் பிடுங்கியிருப்பேன்.

எப்படியோ திட்டம் ஒரு வடிவத்துக்கு வந்தது. ஓடையில் தண்ணீர் ஏறினால் பள்ளிக்கூடத்து மணியை விடாமல் அடிப்பது. மணிச்சத்தம் கேட்டதும் எல்லோரும் கிழக்கே மேட்டுத்தெருவுக்கு ஏறி, சமுதாயக்கூடத்துக்கு வந்துவிடுவது. தானாக நடக்க முடியாதவர்களுக்கு ஒரு பட்டியல். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் தூக்கி வரப் பொறுப்பு ஏற்கிறவர் கையெழுத்து. அக்காவின் பெயருக்கு எதிரில் நான் போட்டேன். கொட்டை எழுத்தில், அடிக்கோடும் இழுத்து. அதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்றும் ஆசை இருந்தது, மறைப்பானேன்.

ஒத்திகை பங்குனியில். நான் ஒரு வாரமாக வீடு வீடாகப் போய்ப் பாடம் நடத்தியிருந்தேன். "மணி அடிச்சா மேட்டுக்கு. என்ன?" "மேட்டுக்கு." "எந்தப் பக்கம்?" "கெழக்க." சின்னப் பிள்ளைகள்கூட ஒப்பித்தார்கள். அன்றைக்குக் காலையில் பட்டியல் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் கீழத்தெருவில், அக்கா வீட்டுக்கு இரண்டு வீடு முன்னால் நின்றேன். அக்கா வாசற்படியில் தலைவாரி உட்கார்ந்திருந்தார். தூக்குவதற்குப் பிளாஸ்டிக் நாற்காலியும் தயார். பள்ளிக்கூடத்தில் தலைவரே மணியடிக்கப் போயிருந்தார்.

அடித்தார். விடாமல் அடித்தார்.

இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். பட்டாசுக் கம்பெனியில் மணி ஒரு தரம் அடித்தால் சாப்பாடு. விடாமல் அடித்தால் தீ. விடாமல் அடிக்கிற மணியைக் கேட்டால் எதையும் எடுக்கக் கூடாது, யாரையும் கூப்பிடக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. கட்டடத்தை விட்டு விலகி, எவ்வளவு தூரம் வெட்டவெளி கிடைக்கிறதோ அவ்வளவு தூரம் ஓட வேண்டும். கம்பெனியில் சேர்ந்த முதல் நாள் சொல்லித் தருவது அதுதான். எங்கள் ஊரில் கம்பெனிக்குப் போகாத கால் எத்தனை இருக்கும்?

மொத்த ஊரும் கதவைத் திறந்துபோட்டுவிட்டு மேற்கே ஓடியது. மேற்கேதான் வெட்டவெளி. பங்குனியில் காய்ந்து கிடக்கும் கண்மாய். மூச்சு வாங்கிக்கொண்டு நடுக் கண்மாயில் நின்று, எல்லோரும் ஊரைத் திரும்பிப் பார்த்தோம், எங்கே புகை வருகிறது என்று. போன மாதம் கோலப்பொடியில் நீலத்தை அள்ளி அள்ளிக் கொட்டினோமே, அந்த இடத்தில்தான் அத்தனை பேரும் நின்றோம்.

சமுதாயக்கூடத்தின் வாசலில் மேடம் தனியாக நின்றுகொண்டிருந்தார். கூட ஒரு நாயும் இரண்டு சம்சாரிகளும்.

முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு கண்மாயே சிரித்தது. நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்துக்கொண்டே கையைப் பார்த்தால், நோட்டு. அடிக்கோடு இழுத்த என் கையெழுத்து. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அக்கா வீட்டு வாசலைத் தாண்டித்தான் நான் ஓடி வந்திருந்தேன்.

திரும்பிப் போனபோது அவர் அதே படியில்தான் இருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவரே ஆரம்பித்தார்.

"காலு நல்லாத்தான் ஓடுதே, ஆத்தா. வயசானதே தெரியல."

"அக்கா, என்னைய செருப்பால அடிங்க. ஒங்கள விட்டுட்டு ஓடிட்டேன்."

"தீயின்னா ஓடத்தான் செய்யணும். ஓடாதவ காலுதான் இது" என்று காலைத் தட்டிக் காட்டினார். "மணிய விடாம அடிச்சா நம்ம சனத்துக்குக் காது வேலை செய்யாது, காலுதான் வேலை செய்யும். அம்புட்டுப் பேரு சேந்து யோசிச்சீகளே, இது ஒருத்தருக்கும் தோணலியாக்கும்?"

தோன்றவில்லைதான். மக்களைக் கேட்டு எழுதிய திட்டம் என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டிருந்தோம். கூட்டம் நடந்ததோ மேட்டுத்தெருவில். அங்கே ஏறி வர முடியாத ஆள்தான் வெள்ளத்தில் முதலில் மாட்டப்போகிற ஆள். அவரை யாரும் கேட்கவில்லை. எனக்கு வந்த கோபம் முழுவதும் என் மேலேயே வந்தது. நேராகப் போய் மேடத்தின் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். தலைவரும் பின்னாலேயே வந்தார். அக்காவின் வாசலில் இரண்டாவது கூட்டம் நடந்தது. நாற்காலி ஒன்றுதான் இருந்தது, என்னுடைய பிளாஸ்டிக் நாற்காலி. மேடம் அதில் உட்கார்ந்து எழுதினார்.

"மணி வேணாம் தாயி" என்றார் அக்கா. "ஆடி மாசம் இருக்கன்குடி கோயிலுக்கு நடந்து போறவுகளுக்குக் கூடத்துல அன்னதானம் போடுறீகள்ல. அன்னைக்கு மைக்செட்டுல அம்மன் பாட்டுப் போட்டதும் ஊர்ல ஒரு பய வெளிய ஓடுறானா? பூரா சனமும் தூக்குவாளியோட மேட்டுக்குத்தான் ஏறுது. அதப் போடுங்க."

மேடம் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "வெள்ளத்துல கரண்ட் இருக்காதேம்மா?"

"மைக்செட்டுக்காரன்ட்ட பேட்டரி கெடக்கு."

தலைவருக்கு வேறு கவலை. "பாட்டப் போட்டுட்டுச் சோறு இல்லேன்னா ஊரு என்னைய உரிச்சிரும்."

"அப்பச் சோத்தப் போடுங்க. கூடத்துல அரிசி மூடைய வச்சுக்கிட்டா ஆகாதா?"

அப்படித்தான் எங்கள் வெள்ளத் திட்டத்தில் அம்மன் பாட்டு ஏறியது. மேடம் அதை 'ஒலிபெருக்கி வழி எச்சரிக்கை' என்றும், அன்னதானத்தை 'நிவாரண உணவு' என்றும் நாகரிகமாக எழுதினார். சித்திரையில் மறுபடியும் ஒத்திகை பார்த்தோம். பாட்டு ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் கூடத்தின் முன்னால் வரிசை நின்றுவிட்டது, தூக்குவாளிகளோடு. அன்றைக்கு அக்காவுக்குக் காய்ச்சல், தூக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நிஜமாக வெள்ளம் வந்தால் என் கால் என்ன செய்யும் என்று எனக்கே தெரியாது.

வந்தது. தீபாவளி முடிந்து, கம்பெனியெல்லாம் பூட்டி, எல்லோரும் வீட்டில் இருந்த ஒரு கார்த்திகைப் பகலில். இரண்டு நாள் விடாத மழை. மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஓடை கரை தட்டியது. மேட்டிலிருந்து பாட்டு கிளம்பியது. மழைச்சத்தத்தில் கரகரவென்றுதான் கேட்டது, ஆனாலும் கேட்டது. தெருவே மேட்டைப் பார்த்து நடந்தது. நானும் என் வீட்டுக்காரரும் மட்டும் எதிர்ப்பக்கம், தண்ணீர் வருகிற பக்கம் நடந்தோம். என் கால் கிழக்கே இழுத்ததா என்றால், இழுத்தது. அந்த நாலு வீட்டுத் தூரம் அன்றைக்குத்தான் அவ்வளவு நீளமாக இருந்தது.

அக்கா வாசலில் தயாராக இருந்தார். மடியில் துணிமூட்டை, தலையில் பாலித்தீன் பை. நாற்காலியோடு தூக்கினோம். வழுக்குகிற இடத்திலெல்லாம் "ஏத்தா, பாத்து, பாத்து" என்று மேலே இருந்து அதட்டிக்கொண்டே வந்தார். நாங்கள் மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது அவர் வாசற்படி தண்ணீருக்குள் போயிருந்தது. அன்றைக்கு ஏறிய தண்ணீருக்குக் கட்டில், நாற்காலி எதுவும் போதாது. விட்டத்தில்தான் தொங்க வேண்டும்.

கூடத்தில் பந்தி போட்டிருந்தார்கள். அக்காவைச் சுவரோரமாக உட்கார வைத்து முதல் இலையை விரித்தேன். அண்டாவிலிருந்து நேராகச் சோறு விழுந்தது. அவர் கையை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்தார். விரலை ஊதினார். மறுபடியும் மெதுவாகத் தொட்டார்.

ஒவ்வொரு ஆடியிலும் பாட்டுக் கேட்டதும் நான் ஏறிப் போய்ச் சாப்பிட்டு, கதை பேசிவிட்டு, இறங்கும்போது மறக்காமல் ஒரு தூக்குவாளியில் அவருக்கும் வாங்கி வந்து கொடுப்பேன். எத்தனை வருடம்! அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஆளைத் தூக்கி வரலாம் என்று ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை. தூக்கி வந்த தூரத்துக்கு ஒரு பாட்டு முடிகிற நேரம்கூட ஆகவில்லை.

அக்கா ஒரு வாய் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இந்தச் சோறு சூடாத்தான் இருக்குமா?" என்றார்.