பெயர் கூப்பிடும் வேலை: பக்கிரிசாமி நினைவாக

சென்ற வெள்ளிக்கிழமை காலை குடவாசலிலிருந்து போன் வந்தது. பக்கிரிசாமியின் மகள் கமலா பேசினாள். “சார், அப்பா போயிட்டாங்க. பல்லு விளக்கிட்டு வந்து நாற்காலியில உக்காந்தாங்க, அவ்வளவுதான்.”

பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பந்தல் போட்டு முடித்திருந்தார்கள். “அதிகம் பேசாத மனுசன்” என்று வந்தவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவரோடு வேலை பார்த்த உங்களில் பலரும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். அவர் பேசிய ஒரு நாளைப் பற்றி நான் உங்களிடம் சொன்னதே இல்லை.

திருவாரூர்ப் பக்கம் ஒரு குத்தகைக் கோர்ட்டில் நான் அப்போது கிளார்க். ஊர்ப் பெயர் வேண்டாம். ஆட்சி மாறிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. குத்தகைக்காரரை நினைத்த நேரத்தில் வயலை விட்டு வெளியேற்ற முடியாது என்று சட்டம் இருந்தது. அதற்குள் வழி தேடி மிராசுதார்கள் எங்களிடம் வந்தார்கள். வயலில் விவசாயிகள் சங்கக் கொடி நட்டவரும் பிடுங்கியவரும் எங்கள் வாசலில் ஒரே கடையில் டீ குடித்தார்கள்.

பக்கிரிசாமிக்கு அதுதான் முதல் வேலை. பெயரைக் கேட்டேன். “ப... ப...” என்று உதடு ஒட்டிக்கொண்டது, கழுத்து நரம்பு புடைத்தது. கடைசியில் நியமன உத்தரவை என் மேசையில் வைத்து, விரலால் பெயரைக் காட்டினார். பிள்ளை தங்க வேண்டும் என்று நாகூர் தர்காவுக்கு நேர்ந்துகொண்டு அவர் அம்மா வைத்த பெயர் அது. தன் பெயரே வராத அவருக்குக் கிடைத்த வேலை, கோர்ட் வாசலில் நின்று கட்சிக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது.

இரண்டு வாரம் எப்படியோ ஒப்பேற்றினார். முந்தின நாளே பட்டியலை எழுதி எடுத்துக்கொண்டு போவார். காலையில் ஆற்றங்கரையில் நின்று சொல்லிப் பார்ப்பார். சில பெயர்களை இழுத்து, ராகம் போட்டு வெளியே கொண்டுவருவார். வராத பெயருக்கு ஊரைச் சொல்லிக் கூப்பிடுவார். வக்கீல்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

மூன்றாவது வாரம் குத்தகைக்காரர் காத்தமுத்துவின் வழக்கு வந்தது. அவர் தன் கையால் சாகுபடி செய்யவில்லை, அதனால் நிலத்தை விட வேண்டும் என்று மிராசுதார் மனுப் போட்டிருந்தார். காத்தமுத்து வக்கீல் வைக்கவில்லை. பெயரும் ஊரும் இரண்டுமே பக்கிரிசாமிக்கு வராத ‘க’வில் தொடங்கின. பக்கிரிசாமி வாசலில் நின்று “கா... கா...” என்றார். “காக்காயக் கூப்பிடுறான்யா” என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நாற்பது அடி தள்ளி மரத்தடியில் உட்கார்ந்திருந்த காத்தமுத்துவுக்குக் கேட்டிருக்கும். பெயர் கேட்கவில்லை.

வழக்கை விசாரித்த அதிகாரி என்னைப் பார்த்தார். “மூணு தடவை கூப்பிட்டாச்சா?”

“ஆச்சு சார்.”

கூப்பிட்டும் ஆஜராகவில்லை என்று பதிவேட்டில் எழுதினேன். நிலத்தை விட்டு வெளியேற்ற உத்தரவாயிற்று. அரை மணி கழித்துக் காத்தமுத்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே வந்து, “ஐயா, நம்ம கேஸ எப்பங்க எடுப்பாங்க?” என்று கேட்டார்.

அதற்கு நான் பதில் தேடுவதற்குள் பக்கிரிசாமி அதிகாரியின் அறைக்குள் போய்விட்டார். நானும் பின்னால் ஓடினேன். “சார், நான் கூ... கூ... கூப்பிடல. பே... பேர் வரல.” அதைச் சொல்லி முடிக்க அவருக்கு வெகு நேரம் ஆனது. சட்டை நனைந்துவிட்டது. அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

“கூப்பிட்டான் சார். மூணு தடவை.”

வெளியே வந்ததும், “உண்மையச் சொன்னா உன் வேலை போயிடும் பக்கிரி, அதான்” என்றேன். என் வேலையும் போயிருக்கும். அதை நான் சொல்லவில்லை.

உத்தரவை ரத்து செய்யக் காத்தமுத்து மனுப் போட்டார். அவருக்காகச் சங்கத்து வக்கீலைத் தேடிப் பிடித்தது பக்கிரிசாமிதான். என் கையெழுத்தைக் காட்டி அந்த மனுவைத் தள்ளிவிட்டார்கள். சம்பா நடவுக்கு மிராசுதாரின் ஆட்கள் போலீஸ் வேனோடு வயலில் இறங்கினார்கள். வரப்பில் மறித்து நின்ற காத்தமுத்துவுக்கு மண்டை உடைந்தது. பிறகு குடும்பத்தோடு நாகூர்ப் பக்கம் போய் மீன் கூடை சுமந்தார். நான்கு வருடத்தில் இறந்துபோனதாகக் கேள்விப்பட்டேன்.

அதன்பின் பக்கிரிசாமி ஒன்பது மணிக்கே வந்துவிடுவார். பட்டியலோடு மரத்தடி, டீக்கடை எங்கும் போய், ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து வைத்துக்கொள்வார். பெயர் வராவிட்டால் நேரே அவரிடம் நடந்துபோய்த் தோளைத் தொடுவார். “பே... பேர் வராட்டி என்ன சார், கால் இருக்கே” என்பார். அவர் வாசலில் நின்ற வருடங்களில், வளாகத்துக்குள் இருந்த எவருடைய வழக்கும் அந்த ஆள் உள்ளே வராமல் முடியவில்லை.

அவர் ஓய்வு பெற்ற நாளில் தனியாக அழைத்து, “அன்னைக்கு நான்...” என்று தொடங்கினேன். அவர் கையமர்த்தினார். “நான் சொ... சொல்லிட்டேன் சார். நீங்க எழுதினது உங்ககிட்டதான் இருக்கு.” கோபமாகச் சொல்லவில்லை. மன்னித்ததாகவும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பந்தலில் நடுவயதுக்காரர் ஒருவர் மாலையோடு வந்து, பக்கிரிசாமியின் காலடியில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். யார் என்று கமலாவிடம் கேட்டேன். “காத்தமுத்து மகன் சார். நாகூர்ல இருக்காங்க. எங்கப்பா வருசா வருசம் போய்ப் பாத்துட்டு வருவாங்க.” நான் அவர் அருகில் போகவில்லை.

பக்கிரிசாமியிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது, அந்த அறையில் அவர் வியர்த்து நின்று சொன்ன வாக்கியம் ஒன்றைத்தான். அதை நாற்பது வருடம் தாமதமாக, திக்காமல், நானும் சொல்கிறேன். காத்தமுத்துவின் பெயர் அன்று கூப்பிடப்படவில்லை. பதிவேட்டில் இருப்பது பொய். எழுதியது நான்.