ராணி மேய்ந்த ஏரி

போன வாரம் தருமபுரியில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையை வாடகைக் குதிரையில் அழைத்து வந்தார்கள். குதிரை என்னைக் கடந்தபோது அந்த வியர்வை வாடை மூக்கில் ஏறியது. உடனே எனக்குப் பொறாமை வந்தது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

அறுபதுகளின் கடைசியில் புதுப்பெண்ணாகக் கம்பைநல்லூர் வந்தேன். என் வீட்டுக்காரருக்கு மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் வேலை. பஸ் பெருகி ஜட்கா குதிரை வண்டிகள் ஓய்ந்த காலம். பிழைப்புப் போன வண்டிக்காரர்கள் ஏரிப் புறம்போக்கில் விட்டுப்போன குதிரைகள் பெருகி, ஆளைக் கண்டால் ஓடும் காட்டுக்குதிரைகளாகிவிட்டன. ராகிக் கொல்லைகளில் வேறு இறங்கின. கொள்ளில் விஷம் வைத்துவிடலாம் என்றார்கள் குடியானவர்கள். இவர்தான் தவணை கேட்டார். ஆண் குதிரைகளைப் பிடித்துக் காயடித்தால் கூட்டம் பெருகாது, முள்வேலி போட்டால் ஏரியோடு நின்றுவிடும் என்றார்.

பழக்கிப் பிடிப்பதற்காகத் தினமும் சாயங்காலம் வெல்லத்தோடு ஏரிக்குப் போய்விடுவார். கூட்டத்துக்குத் தலைவி ஒரு செம்பட்டைப் பெட்டை. அதற்கு ராணி என்று பெயர் வைத்திருந்தார். என்னைக் கூப்பிடுவதோ 'இந்தா'. பூ வைத்துக்கொண்டு காத்திருப்பேன். வந்ததும், "இன்னிக்கு ராணி எந்தோள்ல தல வெச்சிச்சு" என்பார். மாமியார் இருக்கும் வீட்டில் நானே இன்னும் வைத்ததில்லை. பற்றிக்கொண்டு வரும்.

அவர் சித்தேரி மலைக்கு மாட்டு வைத்திய முகாமுக்குப் போயிருந்த ஒரு நாள், பக்கத்துக் கொல்லை முனுசாமி வாசலில் வந்து கத்தினார். "டாக்டரு இல்லீங்களா? ஏரிக்கரையத் தாண்டி ராகில நிக்குதுங்க குதிரைங்க. இன்னிக்கே மருந்து வெச்சுடறேன்."

"அண்ணா, கொஞ்சம் பொறுங்க. நான் ஓட்டறேன்" என்று கிளம்பிவிட்டேன்.

கூப்பிட்டேன், ராணி திரும்பியே பார்க்கவில்லை. வீட்டுக்கு ஓடி, கொடியில் கிடந்த அவருடைய அழுக்குச் சட்டையைப் புடவைமேல் மாட்டிக்கொண்டு வந்தேன். நிமிர்ந்து மோந்து பார்த்தது. நேராக வந்து என் தோளில் முகத்தைத் தேய்த்தது. எனக்காக இல்லை என்பது தெரியும், அழுகை வந்தது. அப்படியே ஏரிக்கு நடந்தேன். ராணி பின்னால் வர, கூட்டமே வந்தது.

முனுசாமி ஏரிக்கரைவரை கூடவே வந்தார். "செரிங்கம்மா, டாக்டரு வரட்டும்" என்று போனார்.

திரும்பி வந்தவரிடம் எல்லாம் சொன்னேன். "ராணிக்கு அடிகிடி படலியே?" என்பதுதான் முதல் கேள்வி.

அவர் நினைத்தபடியே நடந்தது. வேலியை முனுசாமியே முன்நின்று கட்டினார். ஆண் குதிரைகளுக்குக் காயடித்தாயிற்று. அதன்பின் குட்டி இல்லை. எழுபதுகளில் ஒவ்வொன்றாக மூப்பில் போயின. கடைசியாக ராணி. அன்று அவர் சோறு தொடவில்லை.

ஏரியில் இப்போது வீட்டுமனைகள். மேய்ந்த இடம் எதுவென்று காட்ட ஆளில்லை. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அங்கேயும் எனக்கு முன்னால் போய் ராணிதான் அவருக்காகக் காத்திருந்திருப்பாள்.