விளக்கைச் சுற்றி நான் கண்ட வளையம்

அடியார்களே, என் வலது கண் போய்விட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன பார்வை திரும்பி வந்த கதை அல்ல இது.

1958. நான் சிங்கப்பூரில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். சிராங்கூன் ரோட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் வெள்ளிதோறும் எங்கள் பஜனை நடக்கும். தைப்பூசம் கழிந்து வந்த ஒரு வெள்ளியன்று, முருகன் படத்துக்கு முன்னால் எரிந்த விளக்கின் சுடரைச் சுற்றி வானவில்போல ஒரு வளையம் தெரிந்தது. உள்விளிம்பு நீலம், வெளிவிளிம்பு சிவப்பு. பார்த்ததைச் சரிபார்ப்பது என் தொழில். வலது கண்ணை மூடினேன், தெரிந்தது. இடது கண்ணை மூடினேன், அப்போதும் தெரிந்தது. பொய்யில்லை என்று முடிவு செய்தேன்.

வளையம் தெரிந்தது என்று மட்டும் அங்கிருந்தவர்களிடம் சொன்னேன். பஜனையை நடத்திய வேலாயுதம் அண்ணன் என் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"காட்சி கொடுத்திருக்கான் தம்பி. வெளியாள்கிட்ட சொல்லிடாதீங்க. சொன்னா போயிடும்."

"நண்டு திங்கிறவருக்கா காட்சி?" என்றார் மிருதங்கக்காரர். "நாங்க மரக்கறி சாப்பிட்டு மாசக்கணக்கா உக்காந்திருக்கோம்லா!"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உள்ளூரப் பெருமை.

பிறகு பல மாலைகளில் வளையம் வந்தது. கூடவே நெற்றியில் வலியும் வந்தது. டிஸ்பென்சரியில் தலைவலி என்று மட்டும் சொல்லி மாத்திரை வாங்கினேன். வளையத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஒரு மாலை வலது கண்ணைத் தோண்டி எடுப்பதுபோல் வலித்தது. வாந்தி எடுத்தேன். என் மனைவி பாக்கியம் மூன்று சக்கர ட்ரைஷா வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அந்தக் கண்ணில் அதற்குள் புகைமூட்டம்தான்.

கண் டாக்டர் தமிழர். என்னைக் கீழே பார்க்கச் சொல்லி, இமைமேல் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் வைத்து மாற்றி மாற்றி அழுத்தினார். பிறகு படுக்கவைத்து, மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, சின்ன உலோகக் கருவி ஒன்றைக் கண்மணிமேல் நிறுத்தினார். அதன் முள் அசையவே இல்லை. இடது கண்ணில் வைத்தபோது நகர்ந்தது.

"வலது கண் கல்லு மாதிரி இருக்கு. உள்ள ஊறுற தண்ணி வடியாம அழுத்தம் ஏறிடுச்சு. குளோக்கோமா. நரம்பு நசுங்கியிருக்கும். பார்வை திரும்பும்னு சொல்ல முடியாது" என்றார். "இடது கண் இப்ப சரியா இருக்கு. ஆனா முன்னாடி அதுலயும் ஏறி இறங்கியிருக்கான்னு எனக்குத் தெரியணும். அழுத்தம் ஏறுறப்ப விளக்கைச் சுத்தி வளையம் தெரியும். உங்களுக்குத் தெரிஞ்சதா?"

கண்ணும் போய், காட்சியும் போனால் எனக்கு என்ன மிஞ்சும்?

"என்னங்க, வாயைத் தொறங்களேன்" என்றாள் பாக்கியம்.

கண்ணை மூடினேன். முருகா, அது நீ காட்டியதுதானா? சொல்லட்டுமா? மனசுக்குள் இவ்வளவுதான் கேட்டேன்.

டாக்டர் கருவியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கலர் கலரா இருக்கும். உள்பக்கம் நீலம், வெளிப்பக்கம் சிவப்பு."

நிறங்களை நான் யாரிடமும் சொன்னதில்லை. பாக்கியத்திடம்கூட.

"ரெண்டு கண்ணுலயும் தெரிஞ்சது" என்றேன்.

"அப்ப இடதையும் விட்டுவைக்கக் கூடாது."

இரண்டு கண்ணிலும் கத்தி வைத்தார்கள். வலது கண்ணுக்குப் பார்வை வரவில்லை. இடது கண்ணில், தண்ணீர் வடிய ஒரு சிறு துளை போட்டார்கள். அது பிழைத்தது. பக்கத்துக் கட்டிலில் ஜூரோங்கிலிருந்து வந்த இறால் குட்டைக்காரர். இதே நோய், இரண்டு கண்ணும் அவிந்தபின் வந்தவர். மகள் சோறு ஊட்டுவாள். கரண்டி உதட்டில் இடித்த பிறகுதான் வாயைத் திறப்பார்.

டாக்டர் சொன்னது அவர் படித்த படிப்பு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நான் கேட்டேன். கேட்ட அந்த நொடியில் பதில் வந்தது. பெருமையைப் பிடுங்கிக்கொண்டு ஒரு கண்ணை விட்டுவைத்த பதில்.

பஜனையில் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். "முருகனை வியாதி ஆக்கிட்டீங்களே" என்றார் வேலாயுதம் அண்ணன். சிலர் இன்றும் என்னோடு பேசுவதில்லை. நான் வெள்ளி தவறாமல் போகிறேன். முன்னைவிட மனம் ஒன்றிக் கும்பிடுகிறேன். யாராவது தலைவலி என்றால் விடாமல் துருவிக் கேட்கிறேன்.

உங்களுக்கும் தெளியாத ஒன்று இருந்தால் அவனிடமே கேளுங்கள். இனிப்பான பதில் வரும் என்று நான் உறுதி தரமாட்டேன். எந்த வாயிலிருந்து வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். இதை நான் என் கையால் எழுதி, அந்த இடது கண்ணால் நானே படித்துத் திருத்தினேன்.