வயித்துல ஓட்டை இல்லாத குதிரை

மண்ணுல பொம்மை செய்யறவன் கஷ்டம் சாமிக்கே தெரியாது. ஏன்னா அந்தச் சாமியச் செய்யறதும் நாங்கதான். சூளை வச்சுப் பிழைக்கிற அண்ணன் தம்பிகளே, இது உங்களுக்கு மட்டும் சொல்றது. அப்போ ஜப்பான்காரன் சண்டைக்காலம். அரியலூர்ல நான் கல்யாணமாகாத ஆளு.

உபதேசியார் நாய்

வரதராஜன்பேட்டை உபதேசியார் ஒருத்தர் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பொம்மை கேட்டு வந்தாரு. மாதா, சூசையப்பர், ஆடு, மாடு எல்லாம் சொல்லி முடிச்சுட்டு, கூட வந்த தன் நாயக் காட்டி, "இதையும் ஒண்ணு" ன்னாரு. "பெத்லகேம்ல நாய் இருந்துதாங்க?" ன்னேன். மனுஷன் அசரல.

"இருந்துதோ இல்லியோ. இது போயிருந்தா குரைச்சிருக்காது, வாலத்தான் ஆட்டியிருக்கும். நீ செய்யி."

பொண்ணு கேட்ட கதை

வாலிகண்டபுரத்துல அஞ்சலைன்னு ஒரு பொண்ணு. அவ அப்பாரும் நம்ம தொழில்தான். கோயில் திருவிழாவுல அவளப் பாத்ததுலேருந்து எனக்குச் சோறு எறங்கல. பொறுக்க முடியாம நேரே போய் அப்பாருகிட்ட கேட்டுட்டேன். அவரு என்னை ஏற எறங்கப் பாத்தாரு.

"அய்யனார் குதிரை எவன் வேணா செய்வான். உனக்குப் பிடிச்சதெல்லாம் வச்சு ஒரு உருவம் பண்ணி, சுடாமக் கொண்டா. என் சூளையில சுடுவோம். தேறுனா பொண்ணு, தேறலைன்னா வந்த வழியே போயிடு."

காப்பி குடிக்கிற சாமி

எனக்குப் பிடிச்சது கொஞ்சமா நஞ்சமா? உபதேசியார் குடில்ல நாயச் சேத்தாப்புல நானும் எல்லாத்தையும் சேத்தேன். குதிரை மேல நானே உக்காந்தேன். தலையில பஸ் டிரைவர் தொப்பி, ஒரு கையில நாயனம், மறு கையில காப்பி டம்ளர். அப்போ பெட்ரோல் இல்லாம கரியில பஸ் ஓடுச்சே, அதுக்குப் பின்னால ஒரு அடுப்பு மாட்டியிருப்பாங்களே, அதையும் குதிரைக்குப் பின்னால ஒட்டி வச்சேன். செய்யும்போதே சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுது.

எல்லாம் முடிஞ்சு பாத்தா அடிவயித்துல ஓட்டை. உள்ள காலியா இருக்கிற உருவத்துக்குச் சூட்டுல ஆவி போக ஓட்டை விடணும், நம்ம பிள்ளைங்களுக்கே தெரிஞ்ச சங்கதி. ஆனா பொண்ணு கேட்டுப் போற குதிரைக்கு வயித்துல ஓட்டையான்னு வெக்கமாப் போச்சு. வழுவழுன்னு பூசி அடைச்சுட்டேன். புத்தி போன போக்கப் பாருங்க!

நல்லாக் காஞ்சதும் வைக்கோல் மெத்தையில ஏத்தி மாட்டு வண்டியில கொண்டு போனேன். வழியில ஒரு அம்மா வண்டிய நிறுத்தி, கன்னத்துல போட்டுக்கிட்டுச் சாமி பேரக் கேட்டுச்சு. நாந்தான்னு சொல்ல வாய் வரல. டம்ளர உத்துப் பாத்துட்டு அந்தம்மா பெருமூச்சு விட்டுச்சு.

"இந்தச் சாமிக்குப் படையல் வெறுங் காப்பியோட போச்சா? புண்ணியவான்! எங்கூரு சாமி கெடா இல்லாம கண்ணே தொறக்காதே."

டமார்

அப்பாரு டம்ளரப் பாத்துச் சிரிச்ச சிரிப்புல அடிவயித்தக் கவனிக்கல. தன்னோட பானைங்களுக்கு நடுவுல, நல்ல எடமாப் பாத்து வச்சு மூடித் தீ வச்சாரு. எனக்குத் தலைகால் புரியல, மனசுக்குள்ள தாலியே கட்டியாச்சு.

கொஞ்ச நேரந்தான். டமார்! சூளை மேல்மூடி பேந்து பறந்துது, அவரு பானைங்களும் கூடவே சில்லுசில்லாப் போச்சு. ஜப்பான்காரன் குண்டு போட்டுட்டான்னு தெருவே கத்திக்கிட்டு வந்துட்டுது. அப்பாரு சாம்பல் அப்பின மூஞ்சியோட என்னைப் பாத்தாரு.

"தம்பி, நீ பொண்ணு கேட்டு வந்தியா, ஊரக் காலி பண்ண வந்தியா?"

அஞ்சலை சொன்னது

போச்சு, எல்லாம் போச்சு. கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வந்துது. வண்டியப் பூட்டிடலாம்னு எந்திரிச்சேன். அப்பத்தான் அஞ்சலை வெளிய வந்தா. சூளை ஓரத்துல விழுந்து ஆறிக் கெடந்த குதிரைச் சில்லு ஒண்ண எடுத்து, உடைஞ்ச எடத்த வெரலால தடவிப் பாத்தா. அப்பாருக்கு முன்னால முதல்முதலா வாயத் தொறந்தா.

"மண்ணு வெண்ணையாட்டம் பிசைஞ்சிருக்குப்பா. ஓட்டை விடத்தான் கூட ஒரு ஆளு வேணும். அத நான் பாத்துக்கறேன்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எங்க சூளையில ஒரு அகல் விளக்குகூட வெடிச்சதில்ல, வெடிக்கிறதெல்லாம் வூட்டுக்குள்ளதான்.