பெரிய வியாழன் பெஞ்சு

பனியன் கம்பெனியை விட்டுவிட்டு, கிராமத்து ஜனங்களுக்கு ஜெபம் நடத்தி வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாராகப் போகிறேன் என்று என் கணவர் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதலிபாளையத்தில் என் அண்ணனும் அவரும் சேர்ந்து நடத்திய கம்பெனி அது. எண்பதுகளின் கடைசி. எக்ஸ்போர்ட் ஆர்டர் வந்து, கார் வாங்கப் பேசிக்கொண்டிருந்த நேரம். "எம் பங்கையும் நீங்களே பாத்துக்குங்க மச்சான்" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு, அவிநாசிபாளையத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு சின்ன ஜெபக்கூடத்துக்கு சைக்கிளில் போய்விட்டார். நான் அண்ணன் வீட்டிலேயே இருந்துகொண்டேன். மனிதருக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது, நாலு மாதத்தில் திரும்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். வரவில்லை.

பெரிய வியாழனன்று அவரைக் கையோடு கூட்டிவரப் போனேன். பட்டுச்சேலை, அண்ணன் வாங்கிய புதுக் கார். இயேசு சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து அன்று கோயிலில் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுவார்கள். டவுன் கோயிலில் அதற்கு உட்காரப் போட்டியே நடக்கும். என் அண்ணன் வீட்டிலேயே வாசனைச் சோப்புப் போட்டுக் காலைத் தேய்த்துக்கொண்டுதான் போவார். இங்கே பெஞ்சு காலியாகக் கிடந்தது. என் கணவர் தண்ணீர்க் குண்டாவும் துண்டுமாக அதன் முன்னால் மண்டிபோட்டிருந்தார். "நீங்க எங்க காலத் தொடறதாவதுங்க" என்று எல்லாரும் சுவரோரம் ஒண்டிக்கொண்டார்கள்.

வாசலில் நின்ற என்னைப் பார்த்துவிட்டார். "நீயாச்சும் வந்து உக்காரு கண்ணு" என்றார். அத்தனை பேர் முன்னால் புருசன் என் காலைப் பிடிப்பதா? "உங்களுக்குத்தான் மானம் போச்சு, எனக்குமா போகணும்?" என்றேன். அந்த வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

சாயப்பட்டறையில் வேலை செய்யும் ஒரு பெண் எழுந்து வந்து உட்கார்ந்தாள். கால் முழுக்க நீலம். "இது கழுவுனாலும் போகாதுங்க" என்றாள். "கறை போறதுக்காகக் கழுவலீங்க" என்று அவர் தண்ணீரை ஊற்றினார். நான் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டேன்.

அண்ணன் வீட்டு மெத்தையில் அதன்பிறகு தூக்கம் வரவில்லை. அந்தக் குனிந்த முதுகே கண்ணில் நின்றது. இரண்டே மாதத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு அவரிடம் போய்ச் சேர்ந்தேன். சாணி மெழுகிய வீடு, ரேஷன் அரிசிச் சோறு. சத்தியமாக ஒரு குறையும் தெரியவில்லை. வீறாப்பு மட்டும் பெட்டியோடு கூடவே வந்துவிட்டது. வருடா வருடம் பெரிய வியாழனன்று அவருக்குத் துண்டு மடித்துக் கொடுப்பேன். இன்னொரு தடவை கூப்பிடமாட்டாரா என்று ஏங்கிக்கொண்டு நிற்பேன். அண்ணனை மாதிரியே காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வேறு போயிருப்பேன். அவர் கூப்பிடவில்லை, நானாகச் சொல்லவுமில்லை. பன்னிரண்டு பேர் முடிந்ததும் தண்ணீரை வேப்பமரத்துக்கு ஊற்றிவிடுவார்.

மஞ்சள் காமாலையில் அவர் போய்விட்டார். அடுத்து வந்த பெரிய வியாழனன்று குண்டாவை எடுத்துக்கொண்டு நானே மண்டிபோட்டேன். பன்னிரண்டு பேரும் முடிந்தபின், அந்தச் சாயப்பட்டறைப் பெண் என் தோளிலிருந்த துண்டை எடுத்துக்கொண்டாள். "நீங்க உக்காருங்க உபதேசியாரம்மா, நான் கழுவி உடறேன்" என்றாள்.

உட்கார்ந்தேன். தண்ணீர் பட்டதும் அழுதுவிட்டேன். எனக்கு வேண்டியிருந்தது அவர் கைதான். ஆனாலும் காலை இழுத்துக்கொள்ளவில்லை.