அப்பாவின் வயிறும் வைத்தியர் வீட்டு நோட்டீஸும்

இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆம்பூரில் இரண்டு தோல் கிடங்கும், கல்வீடும், வற்றாத கிணறும் யார் தயவும் இல்லாமல் உண்டாக்கினேன். அதற்கெல்லாம் முன்னால் என் அப்பாவின் வயிற்றைக் காப்பாற்றினேன். அதை மட்டும் எவனும் சொல்வதில்லை.

இன்று காலை மகன் லேகிய டப்பாவைத் திறந்தான். சுக்கும் நெய்யும் கலந்த அந்தப் பழைய வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு ஆத்திரம் பொங்கியது.

“தாத்தா வயித்துப்போக்கை நிறுத்துன லேகியம்பா. வைத்தியர் மகன் நோட்டீஸ்ல தாத்தா பேரே போட்டிருக்கான்” என்றான்.

நிறுத்தியதா? மூன்று வருஷம் அதைத் தின்றும் அப்பாவுக்குக் குணமில்லை. அவருக்குத் தோல் கிடங்கில், தோலின் மயிர் போக ஊறப்போடும் சுண்ணாம்புக் குழியில் வேலை. மேஸ்திரி கத்தக் கத்த, நின்றபடியே பயந்து பயந்து கஞ்சியை விழுங்குவார். சற்று நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுவார். கிடங்கு மூடியிருக்கும் வெள்ளிக்கிழமையில் மட்டும் அதே கஞ்சி செரித்தது. கஞ்சி கொண்டுபோன எனக்கு ஒன்பது வயது. வைத்தியருக்குப் புரியாதது எனக்குப் புரிந்தது.

மறுநாள் முதல், அப்பா கை கழுவி உட்காரும்வரை நான் சொம்பைக் கொடுக்கவில்லை.

“வேலை போய்டும், குடுடா” என்று கெஞ்சினார்.

“இன்னாடா, உங்கப்பனுக்கு விருந்தா?” என்றார் மேஸ்திரி.

“உக்காந்து துண்ணுட்டுத்தான் வருவாரு. ஜாஸ்தி கத்தாத!”

அறை விழுந்தது. தினமும் விழுந்தது. கடைசியில் மேஸ்திரிக்கே அலுத்துப்போனது. நாலு மாதத்தில் அப்பாவின் வயிறு தேறியது. அந்த நாலு மாதமும் லேகியத்தை அடுப்புச் சாம்பலில் கொட்டியவன் நான்தான்.

நோட்டீஸில் என் பெயரைப் போடட்டும். முடியாதென்றால் அப்பாவின் பெயரை எடுக்கட்டும்.